பூனைக்குப் பின்னால் இருந்த சுவர்

அண்ணன் அண்ணியை முதன்முதலாக வீட்டுக்கு அழைத்து வந்த மாலையில், அம்மா கேட்ட முதல் கேள்வி, "என்ன வேலை பார்க்கறேம்மா?" என்பதுதான்.

"செத்துப் போனவங்களோட வீட்டுக்கு விலை போடறேன்," என்றார் அவர்.

அம்மா நீட்டிய டீ பாதி வழியிலேயே நின்றுவிட்டது.

"யாருக்கு விக்கறதுக்கு?"

"விக்கறதுக்கு இல்லம்மா. பிள்ளைங்க பிரிச்சுக்கணும்ல. ஒருத்தர் வீட்டை எடுத்துக்கிட்டு இன்னொருத்தருக்குப் பணமா குடுக்கணும்னா, வீடு என்ன பெறும்னு யாராவது நடுவுல நின்னு சொல்லணும். வரி ஆபீஸ் கேக்கும், பேங்க் கேக்கும். அதைச் சொல்றது நான்."

"அப்போ தினமும் சாவு வீட்டுக்குப் போறே."

"சாவு வீடு இல்லம்மா, சாவு முடிஞ்ச வீடு. அழுகையெல்லாம் ஓஞ்சு, சாவி யார்கிட்ட இருக்கணும்னு பேச ஆரம்பிச்ச வீடு."

அம்மா அண்ணனைப் பார்த்தார். அண்ணன் பிஸ்கட்டைப் பார்த்தான்.

"பயமா இருக்காதா?"

"செத்தவங்க ஒண்ணும் பண்ண மாட்டாங்கம்மா. உயிரோட இருக்கறவங்கதான் நான் அளக்கற டேப்போட அந்த முனையைப் பிடிச்சு இழுப்பாங்க."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை மறைக்க இருமினார். பிறகு குரலைத் தாழ்த்தி, அண்ணியைப் பார்க்கிற எல்லோரும் கேட்கிற ஒன்றைக் கேட்டார்.

"அப்போ இந்த வீடு எவ்வளவு பெறும்?"

"இப்போ எப்படிம்மா சொல்றது? நீங்கதான் நல்லா இருக்கீங்களே."

அண்ணன் கண்ணை மூடிக்கொண்டான். அடுத்த நொடி அம்மா சிரித்த சிரிப்பில் டீ முழுக்க மேசை விரிப்பில் கொட்டியது. அந்தக் கறை இன்னும் போகவில்லை. அன்றைக்கே அம்மா தலையாட்டிவிட்டார், அவர் எனக்கு அண்ணியானார்.

நான் இரண்டு மொழிகளில் படித்தவள். அரசு அலுவலகங்களும் வங்கிகளும் அறிக்கையை ஒரு மொழியில் கேட்கும், குடும்பங்கள் தமிழில் கேட்கும். அண்ணிக்கு இரண்டிலும் வாய் ஓயாமல் பேச வரும், ஆனால் எழுத உட்கார்ந்தால் கொட்டாவி வரும். அதனால் கல்யாணமான சில மாதங்களிலேயே என்னை அவருடைய அலுவலகத்துக்கு இழுத்துக்கொண்டார். நகலெடுக்கும் கடைக்கு மேலே இரண்டு அறைகள். படியேறும்போதே மையும் சூடான காகிதமும் மணக்கும். எங்கள் மேசையின் ஒரு கால் குட்டை. அதன் கீழே யாரோ சாம்பிளுக்குக் கொடுத்த டைல்ஸ் ஒன்றை அண்ணி செருகி வைத்திருக்கிறார். ஊரெல்லாம் போய்க் கதவு சரியாகச் சாத்துகிறதா என்று பார்க்கிறவர் வீட்டில், குளியலறைத் தாழ்ப்பாள் பல காலமாக உடைந்து கிடக்கிறது. உள்ளே போகிறவர் பாட்டுப் பாட வேண்டும் என்பது ஏற்பாடு.

அண்ணி குள்ளம். நடை வேகம். தோள்பையில் டேப், டார்ச், சுண்ணாம்புக்கட்டி, இரண்டு பாக்கெட் பிஸ்கட். வாரிசுகள் சண்டைக்குத் தயாராக வருகிற அவசரத்தில் சாப்பிடாமல் வந்துவிடுவார்கள், பசியோடு இருக்கிறவர்களிடம் அளவு பேச முடியாது என்பது அவர் அனுபவம். ஒரு வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் ஜன்னல்களைத் திறப்பார். அடுத்து சமையலறைக் குழாயில் ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்துக் குடிப்பார். அதற்குப் பிறகுதான் டேப் வெளியே வரும். எந்த வீடானாலும் இரண்டு தடவை போவார். ஒரு தடவை காலை வெளிச்சத்தில், ஒரு தடவை சாயங்காலத்தில். "காலையில எல்லா வீடும் புதுசா வேலைக்குச் சேர்ந்தவன் மாதிரி பளிச்சுன்னு நிக்கும். சாயங்காலம் போய்ப் பாரு, சட்டையெல்லாம் கசங்கியிருக்கும்," என்பார்.

இந்த வேலையில் ஒரு விதி உண்டு. வீட்டின் மதிப்பு, அதன் சொந்தக்காரர் இறந்த அன்று அது இருந்த நிலைக்குத்தான். அதற்குப் பிறகு யார் எதைக் கட்டினாலும், எதை இடித்தாலும் மதிப்பில் வராது. இதைப் புரியவைப்பதற்குள் அண்ணிக்குத் தொண்டை வறண்டுவிடும். ஒரு மருமகன், மாமனார் வீட்டு மதிப்பு ஏறட்டும் என்று சமையலறை முழுக்கப் பளபளக்கும் கல் பதித்துவிட்டு எங்களைக் கூப்பிட்டார். அண்ணி கல்லைத் தடவிப் பார்த்து, "ரொம்ப அழகா இருக்கு. நல்லா சமைச்சுச் சாப்பிடுங்க," என்று சொல்லிவிட்டு, பழைய சிமென்ட் மேடைக்கு மதிப்புப் போட்டார்.

அண்ணி எப்படிப்பட்டவர் என்று யாராவது கேட்டால், நான் சொல்வது கொத்தனார் மேஸ்திரியின் கதையைத்தான்.

ரயிலில் கார்டாக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் இறந்திருந்தார். மனைவி முன்பே போய்விட்டார். மூத்தவர் மகன், கொத்தனார் மேஸ்திரி, தனியாகக் குடும்பமாக இருக்கிறார். இளையவர் மகள், ஆஸ்பத்திரியில் நர்ஸ், கடைசி வரை அப்பாவோடு அந்த வீட்டில் இருந்தவர். உயில் இல்லை, ஆளுக்குப் பாதி. மகளுக்கு வீட்டை விட்டுப் போக மனமில்லை. வங்கியில் கடன் வாங்கி அண்ணனின் பாதியைக் கொடுத்துவிடலாம் என்று நினைத்தார். வங்கி அவர் சம்பளத்தைப் பார்த்து, இவ்வளவுதான் முடியும் என்று ஒரு கோடு போட்டுவிட்டது. எங்கள் மதிப்பு அந்தக் கோட்டைத் தாண்டினால் வீடு வெளியாளுக்குப் போகும். வேலையை எங்களிடம் கொடுத்த வக்கீல் முன்கூட்டியே இதைச் சொல்லி, "பார்த்துப் பண்ணுங்க," என்றார். "பார்க்காம எப்படிப் பண்றது?" என்று அண்ணி போனை வைத்துவிட்டார்.

காலையில் நாங்கள் போனபோது நர்ஸ் பணியில் இருந்தார். கதவைத் திறந்தவர் மேஸ்திரி. எங்களை உட்காரக்கூட விடவில்லை.

"இங்க வாங்க மேடம். இந்தச் சுவத்தைப் பாருங்க. ஊறிப் போச்சு. தொட்டா மாவா கொட்டுது. பாத்ரூம் குழாய் நிக்கவே நிக்காது. இந்த ஜன்னலுக்குக் கொக்கியே கிடையாது. எங்கப்பா வீட்டைக் கவனிக்கவே இல்ல."

கூடத்துச் சுவரின் நடுவே ஈரம் பெரிய வட்டமாகப் பரவியிருந்தது. அண்ணி உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். குனிந்து சுவரின் அடியைப் பார்த்தார், நிமிர்ந்து கூரையைப் பார்த்தார். பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்து மேஸ்திரியிடம் நீட்டினார்.

"எடுத்துக்கங்க. ரொம்ப வேலை செஞ்சிருக்கீங்க போல."

வண்டியில் ஏறியதும் என்னிடம் சொன்னார். "ஈரம்னா தரையிலேர்ந்து ஏறணும், இல்ல கூரையிலேர்ந்து இறங்கணும். ரெண்டும் இல்லாம நடுவுல நின்னு ஊர் வம்பு பேசற ஈரத்தை இன்னிக்குத்தான் பார்க்கறேன். டியூப் போட்டுத் தண்ணி அடிச்சிருக்காரு மனுஷன்."

"பணம் வாங்கப் போறவரே அவர்தானே அண்ணி. மதிப்பு குறைஞ்சா அவருக்குத்தானே நஷ்டம்?"

"அதான் எனக்கும் இடிக்குது."

இரண்டு நாள் கழித்துச் சாயங்காலம் போனோம். இந்த முறை நர்ஸ் இருந்தார். கூடத்துச் சுவர் வெண்ணெய் நிறத்தில் மின்னியது, பெயின்ட் இன்னும் முழுதாகக் காயவில்லை. குளியலறையில் புதுக் குழாய். ஜன்னலில் பித்தளைக் கொக்கி, அதன் விலைச்சீட்டுக்கூட ஒரு ஓரத்தில் ஒட்டியிருந்தது.

"நல்ல வீடுக்கா," என்றார் நர்ஸ். "காத்து எப்படி வருது பாருங்க. ஒரு குறை சொல்ல முடியாது. நீங்க குறைச்சுப் போட்டுடாதீங்க. எங்கண்ணனுக்கு ரெண்டு பொண்ணுங்க இருக்கு. ஒத்தைக் காசு அவனுக்குக் குறையக் கூடாது."

"அப்புறம் உங்க பேங்க் கடன்?"

"அது என் கவலைக்கா."

அவருடைய விரல் நகங்களில் வெண்ணெய் நிறம் ஒட்டியிருந்தது. அண்ணி என்னை ஒரு பார்வை பார்த்தார். "ஒரு நிமிஷம், வண்டியில ஒண்ணை மறந்துட்டேன்," என்று வெளியே ஓடினார். நானும் பின்னால் போனேன். வண்டியின் கதவைச் சாத்திக்கொண்டு, ஸ்டியரிங்கில் தலையை வைத்து, தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"எத்தனை திருட்டுத்தனம் பார்த்திருக்கேன். வாங்கறவன் விலையை இறக்குவான், குடுக்கறவன் ஏத்துவான். இதுங்க ரெண்டும் தலைகீழா திருடுதுங்க. அவன் தங்கச்சிக்காக வீட்டை நாசம் பண்றான், இவ அண்ணனுக்காக வெள்ளையடிக்கறா. நடுவுல நான் எந்த வீட்டுக்கு மதிப்புப் போடறது?"

கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய், விதியைச் சொன்னார். அப்பா இறந்த அன்று வீடு எப்படி இருந்தது என்று காட்டப் படம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார்.

"வீட்டை யாருக்கா படம் எடுப்பாங்க? அப்பா எடுத்ததெல்லாம் மேனேஜரைத்தான்."

மேனேஜர் என்பது பூனை. யார் எந்த வேலை செய்தாலும் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, ஒன்றும் செய்யாமல் பார்த்துக்கொண்டே இருக்குமாம். அதனால் அப்பா வைத்த பெயர். பழுப்பு நிறம், ஒரு காது மட்டும் கறுப்பு. ரயிலில் கொடி காட்டிய மனிதர் ஓய்வுக்குப் பிறகு வாழ்நாள் வேலையாக அந்தப் பூனையைப் படம் எடுத்திருந்தார். எல்லாம் அவர் போனில் தேதியோடு இருந்தன.

சமையலறை மேசையில் மூவரும் தலையை ஒட்ட வைத்துப் பார்த்தோம். மேனேஜர் கூடத்தில் தூங்குகிறது, பின்னால் சுவர். ஈரமும் இல்லை, மினுக்கும் இல்லை. வயதான, ஒழுங்கான சுவர். மேனேஜர் ஜன்னல் விளிம்பில், பக்கத்தில் பழைய இரும்புக் கொக்கி. மேனேஜர் குளியலறை வாசலில் கோபமாக, பின்னால் சொட்டாத குழாய். அண்ணிக்கு உற்சாகம் தாங்கவில்லை. "இவரு பூனையை எடுக்கலடி, எனக்கு இன்ஸ்பெக்ஷன் பண்ணிக் குடுத்துட்டுப் போயிருக்காரு," என்று என் முதுகில் ஒன்று வைத்தார்.

இறப்பதற்கு முந்தின வாரம் எடுத்த படம் ஒன்று வந்ததும் அவர் விரல் நின்றது. பச்சை இரும்புக் கதவு ஒன்று திறந்திருக்கிறது. அதன் படியில் மேனேஜர். வெளியே ஒரு சந்து, சாய்த்து வைத்த சைக்கிள்.

"இந்தக் கதவு எங்க இருக்கு?"

"பின்பக்கம். கொட்டகைக்கு அந்தாண்ட. அப்பாதான் அந்த வழியா போவார் வருவார். அவர் போனப்புறம் நான் அங்க எட்டிக்கூடப் பார்க்கல."

"அன்னிக்குக் காலையிலேயே நான் ரெண்டு தடவை அளந்துட்டேன். பின்பக்கம் சுவர்தான் இருக்கு."

பின்முற்றத்துக்குப் போனோம். காலியான ஒரு கொட்டகை, அதைத் தாண்டிக் காலி இடம், கடைசியில் மதில். கதவு எங்கும் இல்லை. ஓரிடத்தில் மட்டும் செடித் தொட்டிகள் அடுக்கியிருந்தன. நர்ஸ் ஒரு தொட்டியை நகர்த்தினார். பின்னால் இருந்த பூச்சில் சேறு தடவி, பாசி ஒட்டி, ரொம்பப் பழைய சுவர்போல ஆக்கியிருந்தது. அண்ணியே இரண்டு தடவை ஏமாந்திருந்தார். நர்ஸ் ஏமாறவில்லை. குனிந்து விளிம்பைத் தடவினார்.

"இது எங்கண்ணன் பூச்சு. முடிக்கும்போது கட்டைவிரலால இப்படி ஒரு இழுப்பு இழுப்பான். சின்ன வயசுல களிமண் வீடு கட்டறப்பவே அப்படித்தான்."

அங்கேயே நின்று போன் செய்தார். மேஸ்திரி வேலை உடுப்போடு, தலைமுடியில் சிமென்டோடு வந்து சேர்ந்தார். தொட்டிகள் நகர்ந்திருப்பதைப் பார்த்ததும் கால் தயங்கியது.

"ஏன் இப்படிப் பண்ணினே?"

"ரெண்டு பக்கமும் வழி இருந்தா மதிப்பு ஏறிடும். உனக்கு பேங்க்ல எவ்வளவு குடுப்பாங்கன்னு எனக்குத் தெரியாதா? என் பங்கே வேணாம்னு சொன்னேன், நீ கேட்டியா? தர்மத்துக்கு வீடு வேணாம்னு மூஞ்சியில அடிச்ச மாதிரி சொன்னே."

"அதுக்காக அப்பா போய் வந்த கதவை அடைப்பியா?"

"கதவு உள்ளதான் இருக்கு. எண்ணெய் போட்டு, பிளாஸ்டிக் சுத்தி, அப்புறம்தான் கட்டினேன். நீ மட்டும் என்ன ஒழுங்கு? சுவத்துக்குப் பெயின்ட் அடிச்சிருக்கே. அதுவும் என்ன அடி. பட்டி பார்க்காம அடிச்சிருக்கே, மழை வந்தா தோலுரியும்."

"ஈரத்து மேல அடிச்சா உரியத்தான் செய்யும். அந்த ஈரத்தை வச்ச மகராசன் யாரு?"

"உன்னை யாரு அடிக்கச் சொன்னா?"

"உன்னை யாரு நனைக்கச் சொன்னா?"

அண்ணி ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து பிஸ்கட் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "முடிஞ்சுதா? இல்ல, இன்னொரு பாக்கெட் பிரிக்கவா?" என்றார்.

இருவரும் அடங்கினார்கள்.

"உங்க தண்ணியும் மதிப்புல வராது மேஸ்திரி, உங்க பெயின்ட்டும் வராதும்மா. அப்பா போன அன்னிக்கு இருந்த சுவர், அன்னிக்கு இருந்த கதவு. அதைத்தான் எழுதுவேன். ரெண்டு பக்கமும் வழி இருக்கற வீடு இது. மதிப்பு அதுக்குத் தகுந்த மாதிரிதான் வரும்."

நர்ஸின் முகம் சட்டென்று வாடியது. வங்கியின் கோடு எங்கே இருக்கிறது என்று அங்கே இருந்த நால்வருக்கும் தெரியும். அவர் கொட்டகையின் தூணைப் பிடித்துக்கொண்டு, வீட்டின் பின்பக்கத்தை, துணி காயும் கொடியை, சமையலறை ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார். "சரிக்கா," என்றார். "உள்ளதைப் போடுங்க. வித்துடலாம்." மேஸ்திரி வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

அண்ணி எழுந்து உடுப்பில் ஒட்டியிருந்த பிஸ்கட் தூளைத் தட்டினார்.

"மேஸ்திரி, உங்க சாரக்கட்டை, பலகை, கலவை மெஷின் இதெல்லாம் எங்க போட்டு வச்சிருக்கீங்க?"

"ஊருக்கு வெளிய ஒரு ஷெட் மேடம். வாடகைக்கு."

"ஒழுகுமா?"

"மழையில நனையறது வெளியவா உள்ளயான்னே தெரியாது."

அண்ணி டேப்பின் முனையை என்னிடம் கொடுத்து, வீட்டின் பின்படியில் நிற்கச் சொன்னார். அவர் கொட்டகை வரை போனார். பிறகு அங்கிருந்து மதில் வரை. மூன்றாவது தடவையாக அந்த இடத்தை அளந்தார். பிறகு சுண்ணாம்புக்கட்டியால் தரையில், முற்றத்தின் குறுக்கே ஒரு கோடு போட்டார்.

"முன்னாடி வீடு தனி. பின்னாடி கொட்டகையும் இடமும் தனி. ரெண்டுக்கும் தனித்தனியா மதிப்புப் போட எனக்கு அனுமதி உண்டு, ரெண்டுக்கும் சொந்தமா வழி இருந்தா. பின்னாடி இடத்தை மேஸ்திரி தன் பங்குல எடுத்துக்கிட்டா, நீங்க அவருக்குக் குடுக்க வேண்டியது எவ்வளவோ குறையும்மா. யாரும் யாருக்கும் தர்மம் பண்ண வேண்டாம். வழி இல்லாத இடத்தைப் பிரிக்க விட மாட்டாங்க, அது ஒண்ணுதான். அந்த வழியைத்தான் யாரோ ஒரு புத்திசாலி அடைச்சு வச்சிருக்காரு."

மேஸ்திரி கோட்டைப் பார்த்தார். மதிலைப் பார்த்தார். வெளியே போனார். திரும்பி வந்தபோது கையில் பெரிய சம்மட்டி இருந்தது.

சுவர் லேசில் விழவில்லை. நாலு அடிக்குப் பிறகும் ஒரு செங்கல்கூட அசையவில்லை.

"இவ்வளவு கெட்டியா கட்டச் சொன்னது யாரு?" என்றார் தங்கை.

"நான் கட்டினா அப்படித்தான் இருக்கும்."

"தள்ளு, நான் அடிக்கறேன்."

"நீ ஊசி போடு போ."

ஆனால் சம்மட்டியைக் கொடுத்தார். தங்கையும் அடித்தார். அண்ணியும் பையைக் கழற்றி என் தோளில் மாட்டிவிட்டு ஒரு கை பார்த்தார். முதல் செங்கல் அந்தப் பக்கம் விழுந்தபோது சந்தில் போய்க்கொண்டிருந்த யாரோ திட்டினார்கள். திட்டியவருக்குத் துளை வழியாக மூன்று பேரும் சேர்ந்து மன்னிப்புக் கேட்டார்கள். இருட்டுவதற்குள் பச்சைக் கதவு முழுதாக வெளியே வந்துவிட்டது. பிளாஸ்டிக்கைப் பிரித்துத் தள்ளியதும் சத்தமில்லாமல் திறந்தது. மேனேஜர் எங்கிருந்தோ வந்து, செங்கல் குவியல்மேல் ஏறி உட்கார்ந்து, நடந்த வேலையை மேற்பார்வை பார்த்தது. நர்ஸ் அண்ணனின் தலைமுடியிலிருந்த சிமென்டைத் தட்டிவிட்டுக்கொண்டே சிரித்தார். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்ததால் மூக்கைத் துடைக்க வேண்டியிருந்தது.

அறிக்கையை நான் இரண்டு மொழிகளிலும் எழுதினேன். இணைப்பு முழுக்கப் பூனைப் படங்கள். ஒவ்வொன்றின் கீழும் "பூனைக்குப் பின்னால் தெரியும் கூடத்துச் சுவர்", "பூனைக்கு இடப்புறம் குளியலறைக் குழாய்" என்று குறிப்பு. வரி அலுவலகத்திலிருந்து, எல்லாப் படங்களிலும் ஒரே விலங்கு இருப்பதன் காரணம் என்ன என்று கேட்டு அனுப்பினார்கள். அண்ணி சொல்லச் சொல்ல நான் பதில் எழுதினேன்: "படத்தில் உள்ள பூனை சொத்தில் அடங்காது. அதன் மதிப்பு கணக்கிடப்படவில்லை." அதற்குமேல் அவர்கள் கேட்கவில்லை. தங்கை அண்ணனுக்குக் கொடுக்க வேண்டிய தொகை வங்கியின் கோட்டுக்குள் அடங்கியது. நர்ஸ் முன்வீட்டில் இருக்கிறார். பின்கொட்டகையில் மேஸ்திரியின் சாரக்கட்டைகள் அடுக்கியிருக்கின்றன. மதியம் அவர் சாப்பிடுவது தங்கை வீட்டில். கூடத்துப் பெயின்ட் சொன்னபடியே உரிந்து, அவரே பட்டி பார்த்து மறுபடி அடித்துக் கொடுத்தார், அடித்து முடிக்கும் வரை குறை சொல்லிக்கொண்டே.

கையெழுத்தெல்லாம் முடிந்த அன்று வண்டியில் வீட்டுக்குத் திரும்பினோம். அண்ணி வழக்கம்போல் வண்டியைப் பாதி நடைபாதையில் ஏற்றி நிறுத்தினார். இறங்கவில்லை.

"ஒண்ணு கேக்கவா?" என்றார். அனுமதி கேட்டுப் பேசுகிற ஆள் இல்லை அவர்.

"என்ன அண்ணி?"

"கல்யாணமாகி நான் வந்தப்போ, ஜன்னல் வச்ச பெரிய ரூமை எங்களுக்குக் குடுத்துட்டு, எனக்குச் சின்னதே போதும், வெளிச்சம் கண்ணைக் கூசுதுன்னு சொன்னே. நிஜமாவே கூசுச்சா, இல்ல நீயும் எங்களுக்காகச் சுவத்துல தண்ணி அடிச்சியா?"

நான் பையின் வாரைச் சரிசெய்துகொண்டிருந்தேன்.

"சரி, சொல்ல வேணாம். எனக்கு ஒண்ணே ஒண்ணு பண்ணு. அடுத்த தடவை எங்களுக்காக எதையாவது விட்டுக்குடுக்கறதா இருந்தா, முதல்ல என்கிட்ட சொல்லிட்டு விட்டுக்குடு. வேணாம்னு சண்டை போட எனக்கும் ஒரு வாய்ப்புக் குடுடி."